ஊர் பேர் இல்லாத பைட்டுகள்

நான்கு பூஜ்யங்களில் தொடங்குவோம். திரையில் தெரியும் 0 என்ற எழுத்து அல்ல, மதிப்பே பூஜ்யமான நான்கு பைட்டுகள். 32 பிட்டும் அணைந்த விளக்கு.

இந்த நான்கையும் ஒரு மிப்ஸ் ப்ராசஸரிடம் கட்டளை என்று நீட்டினால், "பூஜ்ய ரெஜிஸ்டரில் இருப்பதைப் பூஜ்யம் இடம் இடப்பக்கம் நகர்த்து" என்று படித்துக்கொள்ளும். அதாவது, சும்மா இரு. மிப்ஸில் சும்மா இருக்கச் சொல்லும் அதிகாரபூர்வக் கட்டளையே அதுதான். 32 பிட் ஆர்ம் ப்ராசஸரோ, "முந்தைய ஒப்பீட்டில் சமம் என்று வந்திருந்தால், ஆர்0வையும் ஆர்0வையும் 'அண்ட்' செய்து ஆர்0விலேயே வை" என்று எடுத்துக்கொள்ளும். சுற்றி வளைத்தாலும் பலன் ஒன்றுமில்லை. இன்டெலிடம் போனால் கதை மாறுகிறது. அங்கே இந்த நான்கு பைட்டும் இரண்டு கட்டளைகள். "ஏஎல் ரெஜிஸ்டரில் இருப்பதை, இஏஎக்ஸ் காட்டும் நினைவக இடத்தில் கூட்டு" என்பதை அடுத்தடுத்து இரண்டு முறை செய்யும். இஏஎக்ஸ் அந்த நேரத்தில் எங்கே காட்டிக்கொண்டிருக்கிறதோ, அங்கே இருந்த பண்டம் போச்சு. ரிஸ்க்-ஃபைவ் இதைக் கட்டளையாகவே ஏற்காது. துடைத்துவிட்ட நினைவகத்துக்குள் நிரல் வழிதவறிப் போனால் முதல் அடியிலேயே பிடிபடட்டும் என்று, முழுப் பூஜ்யத்தைச் செல்லாத கட்டளையாக வைத்திருக்கிறார்கள். 64 பிட் ஆர்மும் அப்படியே மறுத்துவிடும். ஒரே நிறுவனம், ஒரே குடும்பம், அண்ணன் சும்மா இருந்த இடத்தில் தம்பி கையைத் தட்டிவிடுகிறான்.

பைட்டுக்குத் தானாக அர்த்தம் கிடையாது, படிப்பவர்தான் அர்த்தம் தருகிறார் என்பது இந்த நூலின் முதல் அத்தியாயத்திலேயே வந்த செய்தி. இங்கே நம் கேள்வி வேறு. யாரும் கட்டளையாகப் படிக்கவே போவதில்லை என்று தெரிந்த பைட்டுகள் உண்டு. ஒரு படம், ஓர் எழுத்துரு, ஒரு பாதுகாப்புச் சான்றிதழ். இவற்றுக்கும் "நீ எந்த ப்ராசஸரைச் சேர்ந்தவன்?" என்று கேட்கிற ஒரு வாசல் இருக்கிறது. ஏன் கேட்கிறது, என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் தேவையைப் பார்க்கலாம். கைக்கடிகாரத்திலோ மின் மீட்டரிலோ இருக்கும் சிறு சில்லுக்குக் கோப்புகளை வைத்துக்கொள்ள வட்டும் கிடையாது, கோப்பு முறைமையும் கிடையாது. நிரல் ஒன்றுதான், அது ஃபிளாஷ் நினைவகத்தில் எரித்து வைக்கப்பட்டிருக்கும். திரையில் ஒரு சின்னத்தைக் காட்ட வேண்டுமென்றால் அந்தப் படத்தின் பைட்டுகளும் நிரலோடு சேர்ந்தே எரிபட வேண்டும். நிரலின் துண்டுகளை ஒட்டுவது லிங்கர் என்று சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். லிங்கருக்குத் தெரிந்த பாஷை ஆப்ஜெக்ட் கோப்பு. ஆகவே படத்தை ஆப்ஜெக்ட் கோப்பாக்கிக் கொடுத்துவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

இதற்கு குனூ தொகுப்பில் ஆப்ஜ்காப்பி என்றொரு கருவி இருக்கிறது. அதனிடம் மூன்று செய்திகள் சொல்ல வேண்டும். பெரிய 'ஐ' என்ற கொடியோடு, உள்ளே வருவது என்ன வடிவம் என்பது. நம் விஷயத்தில் 'பைனரி', அதாவது எந்தத் தலைப்பும் இல்லாத வெறும் பைட்டுகள். பெரிய 'ஓ' கொடியோடு, வெளியே போக வேண்டிய வடிவம். உதாரணமாக 'எல்ஃப்32-லிட்டில்ஆர்ம்'. பெரிய 'பி' கொடியோடு, எந்த ப்ராசஸர் குடும்பம் என்பது. உதாரணமாக 'ஆர்ம்'. கடைசியில் உள்ளே வரும் கோப்பின் பெயரும் வெளியே போகும் கோப்பின் பெயரும்.

இரண்டாவதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டு அறிந்தேன். உள்ளே வந்த வடிவம் எதுவோ அதையே வெளியேயும் தருவது ஆப்ஜ்காப்பியின் வழக்கம். பைனரி வந்தது, பைனரி போனது. அதாவது படத்தை அப்படியே நகலெடுத்து, வாலில் 'புள்ளி ஓ' என்ற ஆப்ஜெக்ட் கோப்பின் பின்னொட்டை மாட்டிக் கையில் கொடுத்துவிட்டது. ஒரு பிழைச் செய்தியும் இல்லை. அதை லிங்கரிடம் கொடுத்தேன். குனூ லிங்கருக்கு ஒரு விசித்திரமான தாராளம் உண்டு. தனக்குப் புரியாத கோப்பு வந்தால், இது லிங்கருக்கு எழுதிய கட்டளைத் தாளாக இருக்குமோ என்று நினைத்து வாசிக்கப் பார்க்கும். என் படத்தையும் வாசிக்கப் பார்த்து, முதல் வரியிலேயே இலக்கணப் பிழை என்றது. படத்தில் என்ன இலக்கணம் என்று நான் அரை மணி நேரம் விழித்துக்கொண்டிருந்தேன்.

அதைச் சரி செய்த பிறகு அடுத்த தவறு. கணினியிலேயே முதலில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று, பழைய குறிப்பேட்டிலிருந்த கட்டளையை எடுத்து ஒட்டினேன். அது 32 பிட் இன்டெல் காலத்துக் குறிப்பு. வடிவம் 'எல்ஃப்32-ஐ386', குடும்பம் 'ஐ386'. என் கணினியோ 64 பிட். லிங்கர் சொன்னதன் சாரம்: வந்திருக்கும் கோப்பு ஐ386, நான் கட்டுவது ஐ386:எக்ஸ்86-64, இரண்டும் ஒத்துப்போகாது.

எனக்குக் கோபம்தான் வந்தது. உள்ளே இருப்பது ஒரு படம். படத்துக்கு 32 பிட் என்ன, 64 பிட் என்ன?

கோபம் தணிய ஆப்ஜெக்ட் கோப்பின் தலைப்பகுதியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். இன்று லினக்ஸ் உலகில் புழங்கும் எல்ஃப் என்ற வடிவம், ஏடி&டி-யின் யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீட்டோடு வந்தது. அதன் முதல் பைட் 127. அடுத்த மூன்றும் ஆங்கிலத்தில் இ, எல், எஃப் என்ற எழுத்துகள். ஐந்தாவது பைட் 1 என்றால் 32 பிட், 2 என்றால் 64 பிட். ஆறாவது 1 என்றால் எண்களின் சிறு முனை முன்னால் வரும், 2 என்றால் பெரு முனை முன்னால் வரும். இதைப் பற்றிப் பின்னால் பேசுவோம். இன்னும் கொஞ்சம் தள்ளி, பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 18ஆம் இடத்தில் தொடங்கும் இரண்டு பைட்டுகள்தான் நம் கதாநாயகன். எந்த ப்ராசஸர் என்பதற்கான எண் அங்கேதான் இருக்கிறது.

இந்த எண் பட்டியலே ஒரு சின்னச் சரித்திரம். 0 என்றால் யாரும் இல்லை. 1 ஏடி&டி-யின் சொந்தச் சரக்கான டபிள்யூஇ 32100. வடிவத்தை வகுத்தவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு முதல் எண் கொடுத்துக்கொண்டார்கள். அந்த ப்ராசஸர் இன்று எங்கும் இல்லை, எண் மட்டும் இருக்கிறது. 2 ஸ்பார்க். 3 இன்டெல் 386. 4 மோட்டோரோலா 68000 குடும்பம். 8 மிப்ஸ். 22 ஐபிஎம் பெருங்கணினி. 40 ஆர்ம். 62 இன்றைய 64 பிட் மேசைக்கணினி. 183 உங்கள் கைப்பேசியில் இருக்கும் 64 பிட் ஆர்ம். 243 ரிஸ்க்-ஃபைவ். டெக் நிறுவனத்தின் ஆல்ஃபாவுக்கு மட்டும் 36902 என்று, வரிசையில் ஒட்டாத ஓர் எண். முறையான எண் வரும்வரை தற்காலிகமாக வைத்துக்கொள்வோம் என்ற குறிப்போடு லினக்ஸ் மூலநிரலில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஆல்ஃபா போய்ச் சேர்ந்துவிட்டது. தற்காலிகம் நிரந்தரமாகிவிட்டது.

வெறும் பைனரி கோப்பில் இப்படி ஒரு தலைப்பகுதியே கிடையாது. முதல் பைட்டே சரக்கு. 'பிட்மேப்' படக்கோப்பை எடுத்துக்கொண்டால் அதிலும் 18ஆம் இடத்தில் ஓர் எண் இருக்கிறது. அது படத்தின் அகலம். 62 புள்ளி அகலமான படமென்றால் அங்கே 62 இருக்கும். 64 பிட் ப்ராசஸருக்கான எண்ணும் அதே இடம், அதே மதிப்பு. முழுக்கத் தற்செயல்தான். ஆனால் உள்ளே இருக்கும் பைட்டுகளைப் பார்த்து ஊரைக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று கருவியிடம் எதிர்பார்க்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. பைனரி என்று நாம் சொன்ன பிறகு ஆப்ஜ்காப்பி உள்ளே எட்டியே பார்க்காது. பார்க்கவும் கூடாது.

இப்போது கோபத்துக்கான பதில். லிங்கரிடம் ஓர் ஆப்ஜெக்ட் கோப்பு வரும்போது, அதில் கட்டளைகள் இருக்கின்றனவா, வெறும் தரவா என்று பிரித்துப் பார்த்து அது முடிவெடுப்பதில்லை. தலைப்பகுதியில் இருக்கும் எண்ணைப் பார்க்கிறது. காரணம் உண்டு. ஆப்ஜெக்ட் கோப்பில் நிரப்பப்படாத முகவரிகள் இருக்கலாம். "இந்த இடத்தில் அந்தச் செயல்கூற்றின் முகவரியைப் போடு" என்கிற வேண்டுகோள்கள். அந்த வேண்டுகோள்களுக்கும் எண்கள்தான். வேண்டுகோள் எண் 2 என்றால் ஆர்மில் ஓர் அர்த்தம், எக்ஸ்86-64இல் வேறு அர்த்தம். எந்த அகராதியைக் கையில் எடுப்பது என்று தெரியாமல் லிங்கரால் ஒரு கோப்பையும் திறக்க முடியாது. நம் படத்தில் அப்படி ஒரு வேண்டுகோளும் இல்லை என்பது நமக்குத் தெரியும். வாசலில் நிற்பவருக்கு அது தெரியாது. அவர் கேட்பது சீட்டு.

ஆக, நாம் எழுதிக் கொடுக்கும் ப்ராசஸர் பெயர் உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றியதே அல்ல. பார்சல் ஆபீஸில் மூட்டைமேல் எழுதும் ஊர்ப்பெயர் அது. மூட்டைக்குள் மிளகாய் இருந்தாலும் புத்தகம் இருந்தாலும் எழுதுவது போகிற ஊரைத்தான். என் படம் எந்தக் கணினியில் வரையப்பட்டது என்பது லிங்கருக்கு வேண்டாத செய்தி. எந்த நிரலோடு சேரப்போகிறது என்பதே கேள்வி.

இது புரிந்தால் இன்னொரு குழப்பமும் தீரும். 'எல்ஃப்32-லிட்டில்ஆர்ம்' என்ற வடிவத்தின் பெயரிலேயே ஆர்ம் இருக்கிறதே, தனியாக 'பி' கொடியில் வேறு ஏன் ஆர்ம் என்று சொல்ல வேண்டும்? ஊரையும் எழுதிவிட்டுப் பின்கோடும் எழுதச் சொல்வது போலத்தான் இருக்கிறது. இதன் வேர், ஆப்ஜ்காப்பிக்கு அடியில் இருக்கும் பிஎஃப்டி என்ற நூலகத்தில் இருக்கிறது. எல்லா விதமான ஆப்ஜெக்ட் வடிவங்களையும் ஒரே நிரலால் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்று, சிக்னஸ் நிறுவனத்தில் ஸ்டீவ் சேம்பர்லைன் முதலானோர் எழுதியது. இது ரொம்பக் கஷ்டமாக இருக்கும் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் சொன்னாராம். "பிரமாதமான காரியம்தான், போங்கள்!" என்று கிண்டலாக அர்த்தம் தரும் ஒரு கொச்சையான மூன்றெழுத்துச் சுருக்கத்தை டேவிட் வாலஸ் பதிலாக வீசினார். அதுவே நூலகத்தின் பெயராகிவிட்டது. 'பைனரி ஃபைல் டிஸ்கிரிப்டர்' என்ற மரியாதையான விரிவு பிற்பாடு தைத்த சட்டை. கஷ்டம் என்று ஸ்டால்மன் சொன்னது சரியாகத்தான் இருந்தது என்று அந்த நூலகத்தின் கையேடே ஒப்புக்கொள்கிறது.

பிஎஃப்டி-யில் கோப்பின் வடிவம் வேறு, ப்ராசஸர் குடும்பம் வேறு. இரண்டும் தனித்தனி அலமாரிகள். ஒரே ப்ராசஸருக்கான நிரல் பல வடிவங்களில் எழுதப்பட்ட காலத்தில் கட்டிய வீடு. ஆப்ஜெக்ட் கோப்பு ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது, ப்ராசஸர் எது என்ற செய்தி உள்ளே வரும் கோப்பிலிருந்தே கிடைத்துவிடும். வெறும் பைனரியில் அது கிடைக்காது. அந்த ஒரு வெற்றிடத்தை நிரப்புவதற்காகவே 'பி' கொடி. உள்ளே வரும் கோப்புக்கு ஏற்கெனவே ஊர் தெரியும் என்றால் 'பி' சொல்வதை ஆப்ஜ்காப்பி காதில் வாங்காது. ஊர் பேர் இல்லாதவர்களுக்கு மட்டுமான சலுகை அது.

பல பழைய பதிப்புகளில் 'பி'யை மறந்தால் கோப்பு நல்லபடியாகவே பிறக்கும். 18ஆம் இடத்தில் மட்டும் 0 விழுந்திருக்கும், 'யாரும் இல்லை'. இப்படிப்பட்ட அநாதைக் கோப்பை லிங்கர் ஒரு காலத்தில் பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டது. 2003இல் வெளியான 2.14ஆம் பதிப்பிலிருந்து 'ப்ராசஸர் தெரியவில்லை, சேர்க்க முடியாது' என்று திருப்பி அனுப்ப ஆரம்பித்தது. பழைய பெருந்தன்மை வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு நீளமான கொடியைக் கேட்டு வாங்க வேண்டும். என்னைக் கேட்டால் மறுப்பதுதான் நல்லது. தெரியாத கோப்பைச் சேர்த்துக்கொண்ட நிரல் ஓடாமல் போகும்போது எங்கே தேடுவது? புதிய கருவிகள் வேறு வழியில் போய்விட்டன. எல்எல்விஎம் தொகுப்பின் ஆப்ஜ்காப்பி, 'பி' கொடியைப் பழைய கட்டளைகள் உடையாமல் இருக்க ஏற்றுக்கொள்கிறது, ஆனால் பொருட்படுத்துவதில்லை. 'ஓ'வில் சொன்ன பெயரிலிருந்தே ப்ராசஸரைப் புரிந்துகொள்கிறது. அதற்காக 'பி'யை அழித்துவிட வேண்டாம். உங்கள் நிரலை யார் எந்தப் பதிப்பில் கட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

வாசலைக் கடந்துவிட்டோம். இனி ஒரு பெரிய தவறான நம்பிக்கையை உடைக்க வேண்டும். பெரு முனை முன்னால் வரும் ப்ராசஸரை இலக்காகச் சொன்னால், ஆப்ஜ்காப்பி படத்தின் பைட்டுகளையும் அதற்கேற்பத் திருப்பிப் போட்டுவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. போடாது. அதற்கு எது இரண்டு பைட் எண், எது நான்கு பைட் எண், எது வெறும் எழுத்து என்று எப்படித் தெரியும்?

முனைத் தகராறு பழையது. ஓர் எண்ணை நினைவகத்தில் வைக்கும்போது ஒன்றின் இடத்தை முதலில் வைப்பதா, பெரிய இடத்தை முதலில் வைப்பதா என்பதில் கணினிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. டேனி கோஹன் 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதியிட்ட கட்டுரை ஒன்றில், முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டை போடும் கலிவர் கதை மாந்தர்களின் பெயரையே இந்தக் கட்சிகளுக்குச் சூட்டினார். அந்தப் பெயர்கள்தான் இன்றும் வடிவங்களின் பெயர்களில் 'லிட்டில்' என்றும் 'பிக்' என்றும் நிற்கின்றன.

பிட்மேப் படத்தின் அகலம் 128 என்று வைத்துக்கொள்வோம். கோப்பில் அது 128, 0, 0, 0 என்ற நான்கு பைட்டுகளாக இருக்கும். இது சிறு முனைக் கட்சி. இதை ஐபிஎம் பெருங்கணினிக்கான ஆப்ஜெக்ட் கோப்பாக மாற்றுகிறோம். தலைப்பகுதியில் 22 என்ற ப்ராசஸர் எண் 0, 22 என்று பெரு முனை முறையில் எழுதப்படும். 64 பிட் இன்டெலுக்கு என்றால் அதே இடத்தில் 62, 0 என்று சிறு முனை முறையில் இருந்திருக்கும். மூட்டைமேல் எழுதும் எழுத்து, போகிற ஊரின் வழக்கப்படி மாறுகிறது. மூட்டைக்குள் இருக்கும் 128, 0, 0, 0 அப்படியே இருக்கும். பெருங்கணினியில் ஓடும் நிரல் அதை நேரே எண்ணாகப் படித்தால் அகலம் 214,74,83,648 புள்ளிகள். இலக்கைச் சரியாகச் சொன்னதால் லிங்கர் வாயைத் திறக்கவில்லை. படத்தைப் படிக்கும் நிரல்தான் பைட் பைட்டாக எடுத்து எண்ணைக் கட்ட வேண்டும். அந்தப் பொறுப்பு நம்முடையது.

சேர்ந்த படத்தை நிரலில் எப்படிக் கூப்பிடுவது? மாற்றும்போதே ஆப்ஜ்காப்பி மூன்று பெயர்களை உண்டாக்கி வைக்கிறது. கோப்பின் பெயர் 'லோகோ புள்ளி பிஎம்பி' என்றால் '_பைனரி_லோகோ_பிஎம்பி_ஸ்டார்ட்', அதேபோல '_எண்ட்', '_சைஸ்'. எழுத்தும் எண்ணும் அல்லாத குறிகளெல்லாம் அடிக்கோடாகிவிடும். கோப்பு ஒரு கோப்புறைக்குள் இருந்து, அந்தப் பாதையோடு கட்டளையில் கொடுத்திருந்தால் கோப்புறையின் பெயரும் இதில் வந்து ஒட்டிக்கொள்ளும். இன்னொரு கணினியில் வேறு கோப்புறையிலிருந்து கட்டினால் பெயர் மாறி, 'அப்படி ஒருவர் இல்லை' என்று லிங்கர் சொல்லும். கோப்பு இருக்கும் கோப்புறைக்குள் போய் நின்று மாற்றுவதே நல்லது. 'சைஸ்' ஒரு வம்பு பிடித்த பெயர். அது ஒரு மாறி அல்ல. அதன் முகவரிதான் அளவு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனால் நிரல் விழுந்துவிடும். நான் அதைத் தொடுவதே இல்லை. முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்துக்கொள்வேன்.

ப்ராசஸரின் குணம் இன்னோர் இடத்திலும் எட்டிப் பார்க்கிறது. இப்படிப் பிறந்த தரவுப் பகுதிக்கு 'நான்கின் மடங்கில் உட்கார வேண்டும்' என்பது போன்ற நிபந்தனை எதுவும் இருக்காது. லிங்கர் அதை ஒற்றைப்படை முகவரியில் கூட வைக்கலாம். மேசைக்கணினி இதைக் கண்டுகொள்ளாது. கார்டெக்ஸ்-எம்0 போன்ற சிறு ஆர்ம் சில்லில், ஒழுங்கற்ற முகவரியிலிருந்து நான்கு பைட்டை ஒரே வாயில் விழுங்கப் பார்த்தால் அங்கேயே 'ஹார்ட் ஃபால்ட்'. கணினியில் சோதித்தபோது ஓடியது, சில்லில் உறைந்து நிற்கிறது என்ற புலம்பலைக் கேட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆப்ஜ்காப்பியின் புதிய பதிப்புகளில், பகுதியின் ஒழுங்கை மாற்றித் தரவும் ஒரு கொடி இருக்கிறது.

ஊர்ப்பெயர் சரியாக இருந்தும் தெருப்பெயரில் தகராறு வருவதுண்டு. தலைப்பகுதியில் ப்ராசஸர் எண்ணோடு இன்னொரு கட்டமும் இருக்கிறது. தசம எண்களைச் செயல்கூறுகளுக்கு எப்படிக் கைமாற்றுவது என்பது போன்ற உள்வழக்கங்களைக் குறிக்கும் கட்டம். ரிஸ்க்-ஃபைவில் அது 0 என்றால், தசம ரெஜிஸ்டர்களில் கைமாற்றாத வழக்கம் என்று பொருள். வெறும் பைட்டிலிருந்து பிறந்த கோப்பில் அது இயல்பாகவே 0. மீதி நிரல் வேறு வழக்கத்தில் கட்டப்பட்டிருந்தால், இரண்டையும் சேர்க்க முடியாது என்று லிங்கர் மறுத்த அனுபவம் பலருக்கு உண்டு. படத்துக்குத் தசம எண்ணைக் கைமாற்றும் வழக்கம் என்ன இருக்கிறது? மறுபடியும் அதே கதைதான்.

லினக்ஸ் மூலநிரலிலேயே இதைப் பார்க்கலாம். 2022இல் வந்த 6.1ஆம் பதிப்பிலிருந்து, சுருக்கப்பட்ட கர்னலை ஒரு சிறு தொடக்க நிரலோடு சேர்த்து ஒரே கோப்பாக்கும் முறை ஒன்று இருக்கிறது. சுருக்கிய பிறகு கர்னல் என்பது வெறும் பைட்டுக் குவியல், எந்த ப்ராசஸருக்கும் அது கட்டளை அல்ல. ஆனாலும் ஆப்ஜ்காப்பி வழியாக அதை ஆப்ஜெக்ட் கோப்பாக்க வேண்டும் என்பதற்காக, 64 பிட் ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ், லூங்ஆர்ச் என்று ஒவ்வொரு ப்ராசஸர் குடும்பமும் தன் பகுதியில் தன் வடிவத்தின் பெயரை ஒரு வரியில் எழுதி வைத்திருக்கிறது. ஒரு வரிதான். அந்த வரி இல்லாவிட்டால் இந்த முறையில் கர்னல் கட்டி முடியாது.

இந்த ஒரு வரியே தலைவலியாகும் இடமும் உண்டு. 2016இல் வந்து, பொழுதுபோக்காகச் சில்லுகளோடு விளையாடுபவர்களின் மேசையெல்லாம் நிறைத்த ஈஎஸ்பி32-வில் இருந்தது எக்ஸ்டென்சா என்ற ப்ராசஸர், எண் 94. அதன் மென்பொருள் கட்டமைப்பில் சான்றிதழ்களையும் வலைப்பக்கங்களையும் நிரலுக்குள் புதைக்க ஆப்ஜ்காப்பியைத்தான் பயன்படுத்தினார்கள். வடிவத்தின் பெயரும் எக்ஸ்டென்சா என்ற குடும்பப் பெயரும் கட்டளையில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. பிறகு ஈஎஸ்பி32-வைத் தயாரித்த நிறுவனமே ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸரோடு ஈஎஸ்பி32-சி3-ஐக் கொண்டுவந்தது. ஒரே கட்டமைப்பு, இரண்டு ஊர்கள். இப்போதைய கட்டமைப்பில் ஆப்ஜ்காப்பி இந்த வேலையைச் செய்வதில்லை. கோப்பின் பைட்டுகளை அசெம்பிளி மொழியில் எண்களாக எழுதி, அதை அசெம்பிளரிடம் கொடுத்துவிடுகிறார்கள். பைட்டை அடுக்கு என்கிற கட்டளை எந்த ப்ராசஸருக்கும் ஒன்றுதான். எந்த ஊருக்கான அசெம்பிளரோ, அது அந்த ஊர் முத்திரையைத் தானே குத்திவிடும். பழைய நிரல்கள் உடையக்கூடாது என்று '_பைனரி_' எனத் தொடங்கும் பெயர்களை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

இதுவே நல்ல வழி என்பது என் கட்சி. ஊர்ப்பெயரை நாம் எழுதுவதைவிட, ஊர் தெரிந்தவரிடம் மூட்டையை ஒப்படைப்பது மேல். அசெம்பிளரில் 'இன்க்பின்' என்ற கட்டளை ஒரு கோப்பை அப்படியே விழுங்கிக்கொள்ளும், ஒழுங்கையும் அங்கேயே சொல்லிவிடலாம். லிங்கரையே பைனரி கோப்பைப் படித்துப் பாதி இணைத்த ஆப்ஜெக்ட் கோப்பாகத் தரச் சொல்லலாம். அது தன் இலக்கைத் தானே அறியும். சி மொழியின் சி23 தரத்தில் 'எம்பெட்' என்ற கட்டளையே வந்துவிட்டது. அதற்குள் ஆப்ஜ்காப்பியை ஓய்வெடுக்கச் சொல்ல வேண்டாம். கம்பைலர் கைவசம் இல்லாமல், கட்டி முடித்த கோப்புகள் மட்டும் இருக்கும் இடத்தில் இன்றும் அதுதான் துணை.

எதிர்த்திசையிலும் இதே கேள்வி காத்திருக்கிறது. எங்கிருந்தோ கிடைத்த ஃபர்ம்வேர் கோப்பு ஒன்றைப் பிரித்துக் கட்டளைகளாகப் பார்க்க வேண்டும். அதைச் செய்யும் ஆப்ஜ்டம்ப்பிடம் பைனரி என்று மட்டும் சொன்னால், தெரியாத ப்ராசஸருக்கு என்னால் பிரிக்க முடியாது என்று கைவிரித்துவிடும். ஊரை நாம்தான் சொல்ல வேண்டும், சொல்லத் தெரிய வேண்டும். சில சமயம் முதல் எட்டு பைட்டிலேயே ஊர் தெரிந்துவிடும். 0, 80, 0, 32 என்று தொடங்கி, அடுத்து 1, 1, 0, 8 என்று வந்தால் எனக்குச் சந்தேகமே இல்லை. கார்டெக்ஸ்-எம் சில்லுகளில் கோப்பின் முதல் நான்கு பைட், ஸ்டேக்கின் தொடக்க முகவரி. அவற்றின் ரேம் தொடங்கும் இடத்தைச் சிறு முனை முறையில் எழுதினால் கடைசி பைட் 32. நடுவில் இருக்கும் 80, ரேம் 20 கிலோபைட் என்கிறது. அடுத்த நான்கு பைட் முதல் கட்டளையின் முகவரி. கடைசியில் உள்ள 8, எஸ்டிஎம்32 சில்லுகளின் ஃபிளாஷ் தொடங்கும் இடம். முதலில் வரும் ஒற்றைப்படை எண், 'தம்ப்' என்ற குறுங்கட்டளை முறையில் படி என்பதற்கான அடையாளம். ஊர், தெரு, கதவிலக்கம் எல்லாம் வந்துவிட்டது.

படத்துக்கும் சான்றிதழுக்கும் இப்படித் துப்புக் கிடைக்காது. ஆகவே ஆப்ஜெக்ட் கோப்பாக மாற்றிய கையோடு, லிங்கரிடம் கொடுப்பதற்கு முன், 'ரீட்எல்ஃப்' கருவியிடம் கொடுத்துத் தலைப்பகுதியை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். 'மெஷின்' என்று ஒரு வரி வரும். உங்கள் நிரலின் மற்ற ஆப்ஜெக்ட் கோப்பு ஒன்றையும் அதேபோலப் பாருங்கள். இரண்டு வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் மேற்கொண்டு போகலாம்.